போதுமென்கிற மனது: மனரம்மியம் என்றால் என்ன, அதை எப்படிக் கற்பது

"போதுமென்கிற மனதுடனேகூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்." 1 தீமோத்தேயு 6:6. காலண்டரிலும் வீட்டுச் சுவரிலும் பலர் பார்த்துப் பழகிய வசனம். இதற்கு முந்தின வசனத்தை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. தேவபக்தியை ஆதாயத்தொழிலாக எண்ணுகிறவர்களைப் பற்றி அப்போஸ்தலன் பவுல் தன் உடன் ஊழியனான தீமோத்தேயுவை எச்சரிக்கும் இடம் அது. அதன் கையோடுதான் ஆறாம் வசனம் வருகிறது. ஆதாயம்தானே தேடுகிறார்கள், பக்தியில் ஆதாயம் உண்டுதான், அது எது தெரியுமா என்று கேட்கிற தொனி. பக்தியை வைத்துக் காசு பார்த்தவர்களுக்குச் சொன்ன பதில், பிற்பாடு ஏழைகளைப் பார்த்து "இருப்பது போதும், பேசாமல் இரு" என்று சொல்லும் வசனமாக மாறிப்போனது பெரிய அநியாயம்.

அடுத்த இரண்டு வசனங்களில் பவுல் அளவையும் சொல்லிவிடுகிறார். உலகத்துக்குள் எதையும் கொண்டுவரவில்லை, எதையும் கொண்டுபோவதில்லை. உண்ணவும் உடுக்கவும் இருந்தால் போதுமென்றிருக்கக்கடவோம். இவ்வளவு குறைந்த அளவைப் படித்ததும் நம்மில் பலருக்கு உள்ளுக்குள் ஒரு "ஆனால்" எழும். வாடகை? பிள்ளைகளின் ஃபீஸ்? அப்பாவின் மருந்து? அந்த "ஆனால்" நியாயமானதுதான். அதற்குப் பிற்பாடு வருவோம்.

எதன் மேல் நிற்கிறது

எபிரெயர் 13:5 இந்த விஷயத்தின் அஸ்திவாரம். "உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள், நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை என்று அவர் சொல்லியிருக்கிறாரே." போதும் என்பதற்கு அங்கே கொடுக்கப்படும் காரணத்தைக் கவனியுங்கள். உங்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்று சொல்லவில்லை. உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பாருங்கள் என்றும் சொல்லவில்லை. அவர் விலகமாட்டார், அதனால் போதும். காரணம் பொருளில் இல்லை, ஒருவர் கொடுத்த வாக்கில் இருக்கிறது.

ஆகவே புதிதாய்த் தொடங்குபவர் மனதில் வைத்துக்கொள்ள ஒரு வரையறை: கையிருப்பு கூடினாலும் குறைந்தாலும், என் தேவை தேவனுக்குத் தெரியும், அவர் என்னோடிருக்கிறார் என்ற நம்பிக்கையில் மனம் அடங்கி இருப்பதே மனரம்மியம்.

பவுல் காலத்து ஸ்தோயிக்கர் என்ற தத்துவ ஞானிகளும் மனநிறைவைப் பற்றி நிறையப் பேசினார்கள். வெளியே என்ன நடந்தாலும் அசையாதபடி மனிதன் தனக்குத் தானே போதுமானவனாக வேண்டும் என்பது அவர்கள் வழி. பவுல் அசைந்தார். எப்பாப்பிரோதீத்து என்ற நண்பர் சாகும் தறுவாய்க்குப் போய்ப் பிழைத்தபோது, அவன் செத்திருந்தால் எனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் உண்டாகியிருக்கும் என்று வெளிப்படையாக எழுதினார் (பிலிப்பியர் 2:27). இரண்டு அதிகாரம் தள்ளி அதே கடிதத்தில்தான் மனரம்மியத்தைப் பற்றியும் எழுதுகிறார். அழுகிறவருக்கு மனரம்மியம் இல்லை என்று யாராவது சொன்னால் இந்த வசனத்தைக் காட்டுங்கள்.

பிலிப்பியில் நடந்ததும், பிலிப்பிக்கு எழுதியதும்

"நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" (பிலிப்பியர் 4:11) என்று எழுதியபோது பவுல் காவலில் இருந்தார். ரோமில் என்பது பழைய, பரவலான கருத்து. எபேசு என்பாரும் செசரியா என்பாரும் உண்டு. அன்றைய கைதிக்குச் சாப்பாடும் துணிமணியும் பெரும்பாலும் வெளியே இருக்கும் நண்பர்கள் கையில்தான். பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்து வழியாக உதவி அனுப்பியிருந்தது. அதற்கு நன்றி சொல்லும் பகுதியில் வருகிற வாக்கியம் இது. வசதியாக உட்கார்ந்து எழுதிய தத்துவம் அல்ல.

"கற்றுக்கொண்டேன்" என்கிறார். மனந்திரும்பிய அன்றே தானாக வந்துவிடவில்லை. பாடத்திட்டமும் பக்கத்திலேயே இருக்கிறது: தாழ்ந்திருக்க, வாழ்ந்திருக்க, திருப்தியாயிருக்க, பட்டினியாயிருக்க. பட்டினியைக் கற்க வேண்டும் என்பது நமக்குப் புரியும். வாழ்ந்திருப்பதையும் கற்க வேண்டுமா? வேண்டும் என்கிறார். சம்பளம் இரட்டிப்பானதும் ஜெபம் பாதியாகக் குறையும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும்.

இதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்த 13-ஆம் வசனம் வருகிறது: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." தேர்வுக்குப் போகும் பிள்ளையின் பேனா டப்பாவிலும் பைக்கின் முன்புறத்திலும் ஒட்டப்படும் வசனம். ஒட்டுவதில் தப்பில்லை. ஆனால் அங்கே "எல்லாவற்றையும்" என்பது முந்தின வசனத்தில் சொன்னவற்றைத்தான்: பசியோடும் இருக்க முடியும், நிறைவோடும் இருக்க முடியும். முதல் மதிப்பெண் வாங்க முடியும் என்பதைவிட, வாங்காமல் போனாலும் நிற்க முடியும் என்பதே அதன் பொருள்.

இதே பிலிப்பி நகரத்தில் பவுலுக்கு ஏற்கெனவே நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும் (அப்போஸ்தலர் 16). பவுலையும் அவருடைய உடன் ஊழியர் சீலாவையும் விசாரணையில்லாமல் பகிரங்கமாக அடித்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டி வைத்தார்கள். நடுராத்திரியில் இருவரும் பாடினார்கள். அந்தப் பாட்டைப் பற்றிப் பிரசங்கங்கள் ஏராளம். காலையில் நடந்தது பற்றிக் குறைவு. அதிகாரிகள் ஆள் அனுப்பி, விட்டுவிடுங்கள் என்றபோது பவுல் போகவில்லை. நாங்கள் ரோமக் குடிமக்கள், வெளியரங்கமாய் அடித்துவிட்டு இரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை அழைத்து விடட்டும் என்றார். அதிகாரிகள் பயந்து, வந்து, வேண்டிக்கொண்டார்கள். ராத்திரி பாடிய வாய்தான் காலையில் உரிமையைக் கேட்டது. இரண்டும் ஒரே மனிதனுக்குள் இடித்துக்கொள்ளவில்லை.

கூலி பாக்கி வைத்த முதலாளியிடம் கேட்காமல் இருப்பதும், கை நீட்டும் கணவனிடம் "இதுதான் என் பங்கு" என்று அடங்கிப்போவதும் மனரம்மியத்தில் சேராது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 எழுதுகிறது. யோவான்ஸ்நானகன் "உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள்" என்று சொன்னது யாருக்கு? போர்ச்சேவகருக்கு (லூக்கா 3:14). கையில் ஆயுதம் இருந்தவர்கள், மிரட்டிப் பிடுங்க முடிந்தவர்கள். மாப்பிள்ளை வீட்டார் வரதட்சணைப் பேச்சுக்கு உட்காரும்போது இந்த வசனம் ஏன் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை என்பது தனிக் கேள்வி.

ஆகாபின் கட்டில்

போதாமை எப்படி வேலை செய்கிறது என்பதை 1 இராஜாக்கள் 21 போல வேறு எங்கும் இவ்வளவு துல்லியமாகக் காண முடியாது. ஆகாப் இஸ்ரவேலின் ராஜா. தந்தத்தால் அலங்கரித்த அரமனை கட்டியவன். அரமனைக்குப் பக்கத்தில் நாபோத் என்பவனின் திராட்சத்தோட்டம். அதை எனக்குக் கொடு, கீரைக்கொல்லையாக்க வேண்டும் என்கிறான். பதிலுக்கு வேறு நல்ல தோட்டமோ பணமோ தருகிறேன் என்கிறான். பிதாக்களின் சுதந்தரம், தரமாட்டேன் என்கிறான் நாபோத். ராஜா வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பிடாமல் கிடக்கிறான்.

ஒரு தேசமே கையில் இருக்கிறவன், ஒரு கீரைக்கொல்லைக்காகச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் படுத்திருக்கிறான். பக்கத்தில் இருப்பதால்தான் அது அவன் கண்ணை உறுத்தியது. பத்தாம் கட்டளையும் பிறனுடைய வீட்டை, எருதை, கழுதையைத்தான் பட்டியலிடுகிறது. தூர தேசத்து ராஜாவின் பொக்கிஷத்தை அல்ல. நாமும் கோடீஸ்வரர்களைப் பார்த்துத் தூக்கம் கெடுவதில்லை. கூடப் படித்தவன் வாங்கிய ஃபிளாட், ஓரகத்தி கழுத்தில் புதிதாய் ஏறிய ஆரம், மாமா மகனுக்குக் கிடைத்த கனடா விசா, இவைதான் உறுத்தும். அதே அதிகாரத்தில் நாபோத் பொய்ச்சாட்சியால் கொல்லப்படுகிறான். கட்டிலில் தொடங்கியது கல்லெறியில் முடிகிறது.

முறுமுறுப்பும் முறையீடும்

எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் மன்னா என்ற வானத்து உணவு விழுந்தபோது அளவு தலைக்கு ஒரு ஓமர். சுமார் 2 லிட்டர் என்று மதிப்பிடுகிறார்கள். அதிகம் சேர்த்தவனுக்கு மீந்ததில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறைந்ததில்லை. விடியுமட்டும் மீதி வைத்தது பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது. ஆறாம் நாளில் மட்டும் இரண்டு ஓமர், ஏழாம் நாள் ஓய்வுக்காக. அது கெடவில்லை (யாத்திராகமம் 16). சேமிப்பு தவறு என்று இதிலிருந்து சிலர் முடிவு கட்டுகிறார்கள். ஆறாம் நாளின் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. சொன்ன காரணத்துக்குச் சேர்த்தது நின்றது, நாளைக்கு வராதோ என்ற பயத்தில் பதுக்கியது அழுகியது.

எண்ணாகமம் 11-இல் அதே ஜனங்கள் அழுகிறார்கள். எகிப்தில் கிரயமில்லாமல் சாப்பிட்ட மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், பூண்டு. பட்டியல் மிகத் தெளிவாக இருக்கிறது. விட்டுப்போனது செங்கல். அடிமைகளாக வைக்கோல் பொறுக்கி செங்கல் அறுத்ததை மறந்து, "கிரயமில்லாமல்" என்கிறார்கள். போதாமையின் ஞாபகம் இப்படித்தான் இருக்கும்: பழைய வீட்டின் காற்றோட்டம் நினைவிருக்கும், ஒழுகிய கூரை நினைவிருக்காது.

அப்படியானால் மனக்குறையைச் சொல்லவே கூடாதா? சொல்லலாம், சொல்ல வேண்டும். சங்கீதம் 13 "எதுவரைக்கும்" என்று கேட்டே தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் இருளில் முடிகிறது, கடைசியில் வெளிச்சமே இல்லை. முறுமுறுப்பவர் தேவனைப் பற்றி மற்றவர்களிடம் கூடாரத்துக்குள் பேசுகிறார்; முறையிடுகிறவர் அவரிடமே பேசுகிறார். பவுலும் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் அதன் பிறகு வந்தது, கேட்பதற்கு முன் வரவில்லை (2 கொரிந்தியர் 12).

ஒரு மாதம் செய்து பார்க்க

சம்பள நாளில் தொடங்குவது நல்லது. ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: தேவை, கடன், விருப்பம். உணவு, உடை, வாடகை, மருந்து, படிப்பு ஆகியவை தேவையில் சேரட்டும். பவுல் சொன்ன இரண்டோடு நிறுத்திக்கொண்டு துறவி வேடம் போட வேண்டியதில்லை. பிரச்சினை வருவது விருப்பத்தைத் தேவைப் பத்தியில் எழுதும்போதுதான். போன் தேவை. கேமரா மூன்றுள்ள போன் எந்தப் பத்தி என்று கை தயங்கும். அந்தத் தயக்கம் வந்த வரிகளுக்கு ஒரு புள்ளி வையுங்கள்.

புள்ளி வைத்த எதையும் அடுத்த சம்பளம் வரை வாங்காதீர்கள். விலையை ரூபாயில் பார்க்காமல் நாளில் பாருங்கள். மாதம் 18,000 ரூபாய் சம்பளம் என்றால் ஒரு நாளுக்கு 600. மாதம் 2,000 ரூபாய் தவணை என்றால் ஒவ்வொரு மாதமும் மூன்று நாளுக்கு மேல் அந்தப் பொருளுக்காக உழைக்கிறீர்கள், வருஷம் முழுக்க. அதன் பிறகும் வேண்டும் என்று தோன்றினால், கையில் பணமும் இருந்தால், வாங்கி நன்றியோடு அனுபவியுங்கள். அனுபவிக்கிறதற்குச் சகலவித நன்மைகளையும் கொடுக்கிற தேவன் என்று 1 தீமோத்தேயு 6:17 சொல்லுகிறது. பிரியாணியைக் குற்ற உணர்வோடு தின்பது பக்தி ஆகாது.

காலை ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற வரியில் நிறுத்தி, அன்றைய நாளின் தேவையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இன்று என்றால் இன்று. மகளின் கல்யாணம் இன்னும் பதினைந்து வருஷம் தள்ளி. இரவில் மூன்று காரியத்துக்கு நன்றி. "எல்லா நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்" என்பது கணக்கில் வராது. "மத்தியானம் பஸ்ஸில் சீட் கிடைத்தது" வரும். மேலோட்டமான நன்றி மனதை அசைக்காது. குறிப்பாகச் சொன்னதுதான் நாள் முழுக்கக் கண்ணைத் திறந்து வைக்கும். நன்றிக்குப் பிறகு, அன்று மனதை அரித்த ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

உங்களை உறுத்தும் ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவருடைய ஸ்டேட்டஸை அந்த மாதம் மூடி வையுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது அவர் பெயரைச் சொல்லி, அவருக்குக் கிடைத்ததற்காகவே ஸ்தோத்திரம் பண்ணுங்கள். முதல் இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்ய வரும். பரவாயில்லை.

கொடுப்பதை மாதக் கடைசிக்கு வைக்காதீர்கள். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்களின் பிடி அரிசி வழக்கம் 1910-இல் தொடங்கி இன்றும் நடக்கிறது: உலை வைக்கும் முன் அன்றைய அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்து, சேர்த்து, சபைக்குக் கொடுப்பார்கள். சமைத்து மீந்ததைக் கொடுத்தால் கையில் எதுவும் குறைந்திருக்காது. சமைக்கும் முன் எடுத்தால், மீதியில் சமைத்துப் பசி அடங்கியது என்பது கண்ணுக்குத் தெரியும். அடுத்த நாள் பயம் கொஞ்சம் குறையும்.

எங்கே சறுக்கும்

கீழே பார்த்து ஆறுதல் அடைவது முதல் சறுக்கல். "எத்தனை பேருக்கு இதுகூட இல்லை" என்பது கொஞ்ச நேரம் வேலை செய்யும். ஆனால் அது இன்னொருவரின் கஷ்டத்தில் நின்றுகொண்டு பெறும் நிம்மதி. ஆலயத்தில் ஆயக்காரனைப் பார்த்து, நான் இவனைப்போல் இல்லை என்று ஸ்தோத்திரம் சொன்ன பரிசேயனின் ஜெபத்துக்கு வெகு தூரமில்லை. உங்களைவிடக் கீழே யாரும் தெரியாத நாளில் அது கைவிட்டுவிடும்.

இரண்டாவது, பேரம். திருப்தியாக இருந்தால் தேவன் இரட்டிப்பாய்த் தருவார் என்ற கணக்கு. இது 1 தீமோத்தேயு 6:5-இல் பவுல் கண்டித்த ஆதாயத்தொழில்தான், உடை மட்டும் மாறியிருக்கிறது. வருஷத் தொடக்கத்தில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையை வங்கி ரசீது போலப் பார்ப்பவர்கள் டிசம்பரில் சோர்ந்து போவதும் இதனால்தான்.

"வீடு கட்டி முடிக்கட்டும், அப்புறம் நிம்மதி" என்று தள்ளிப்போடுவது இன்னொன்று. முன்னேற ஆசைப்படுவதே தவறா என்றும் கேட்பார்கள். தவறில்லை. விடுதலையாக வழி கிடைத்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி அடிமைகளுக்கே பவுல் எழுதினார் (1 கொரிந்தியர் 7:21). பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கலாம், கடையைப் பெரிதாக்கலாம். இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் ஆகாப் மாதிரி கட்டிலில் கிடப்பேனா? கிடைப்பதற்காக நாபோத் யாரையாவது இடறிவிட வேண்டியிருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் தாராளமாக முயலுங்கள்.

கடைசியாக, நோயை விசுவாசக் குறைவு என்று நினைப்பது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாகலாம் என்று தோன்றுகிறது என்றால் அது நன்றிப் பட்டியலால் தீராது. மருத்துவரைப் பார்க்க வேண்டும், வீட்டில் ஒருவரிடமாவது இன்றே சொல்ல வேண்டும். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார் (1 இராஜாக்கள் 19). தூதன் வசனம் சொல்லவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான், தூங்க விட்டான், திரும்பவும் எழுப்பிச் சாப்பிட வைத்தான்.

ஒரு மாதம் கழிந்தும் முறுமுறுப்பு போகவில்லை என்றால் அதிசயமில்லை. சங்கீதக்காரன் ஆசாப்புக்கே 73-ஆம் சங்கீதத்தில் பாதி வழி வரை பொறாமைதான். பரிசுத்த ஸ்தலத்துக்குள் போன பிறகுதான் பேச்சு திரும்புகிறது. இரண்டாம் மாதத்துக்கு அந்தச் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிலிப்பியர் நான்கு அதிகாரத்தையும் ஒரே மூச்சில் படிக்கக் கால் மணி நேரம் போதும். வாரம் ஒரு முறை படியுங்கள், முடிந்தால் வீட்டில் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். பழைய தாளை எறிய வேண்டாம். புள்ளி வைத்த வரிகளில் எத்தனை இப்போதும் வேண்டும் என்று தோன்றுகிறது என்று அடுத்த சம்பள நாளில் பார்த்துவிட்டு, புதுத் தாள் எடுங்கள்.